நூற்றுப்பதினேழாவது பெயர்

என் பெயர் உர்சோ. சுண்ணாம்புக் காளவாய்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் கோயிலில் குரு. இதுவரை மூன்று முறை குருவாக இருந்திருக்கிறேன். இரண்டு முறை குருவாக இருந்ததே இல்லை. ரோமாபுரிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. உள்ளே இருக்கும் எங்களுக்கும் விளங்கவில்லை. பழகிக்கொண்டோம், அவ்வளவுதான்.

பாப்பரசர்களின் பெயர்களை நான் சொல்லப் போவதில்லை. பயம்தான் காரணம். எந்தப் பெயரை எந்த மாதம் முழந்தாளிட்டுச் சொல்ல வேண்டும், எந்த மாதம் காறித் துப்பிவிட்டுச் சொல்ல வேண்டும் என்பது பாப்பரசரின் லாத்தரன் மாளிகை எழுத்தர்களுக்கே நினைவில் நிற்பதில்லை. எங்கள் சந்தையில் பட்டப்பெயர்தான் புழக்கம். எனக்குக் குருப்பட்டம் கொடுத்தவர் பெரியவர். அவருக்குப் பின் வந்தவர் அத்திப்பழத்தார். அடுத்தவர் இருபது நாளார். அதற்கும் அடுத்தவர் குதிரைக்காரர். இப்போது இருப்பவருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எத்தனை நாள் இருப்பார் என்று தெரியாமல் அவசரப்பட்டு வைத்து என்ன பயன்? இத்தனை பேரும் வந்து போக இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றி அல்ல. போனிசோவின் மகளைப் பற்றி.

போனிசோ சுண்ணாம்பு சுடுகிறவன். பழைய கோயில்களின் பளிங்கை உடைத்துக் காளவாயில் போட்டு வேகவைப்பான். எத்தனையோ சக்கரவர்த்திகளின் மூக்கும் காதும் அவன் கையில் வெந்து நீறாகித்தான் எங்கள் பேட்டையின் சுவர்களில் பூச்சாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவன் இமை மயிர்கூட வெள்ளை. அதிகம் பேச மாட்டான். ஒரு கேள்வி கேட்டால் இன்றைக்கு யோசித்து நாளைக்குப் பதில் சொல்லும் ஆள்.

அவன் மனைவி துல்சியா இரண்டாவது பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். எனக்கு முன்பிருந்த கிழட்டுச் சாமியார் அவளை அடக்கம் செய்தார். மிஞ்சியது ஜெம்மா மட்டும். தாய் போன பிறகு அந்தச் சின்னப் பெண் தினமும் அப்பனுக்குக் காளவாயில் சாப்பாடு கொடுத்துவிட்டு நேரே கல்லறைத் தோட்டத்துக்கு வருவாள். துல்சியாவின் குழிமேட்டில் உட்கார்ந்து அன்றைய சேதியெல்லாம் சொல்வாள். “அம்மா, அப்பா இன்னைக்கும் வெங்காயத்தக் கருக்கிட்டாரு. நான் நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். நீங்க அவருகிட்ட சொல்லிடாதீங்க.” கோயில் சன்னல் வழியே எனக்குக் கேட்கும்.

அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது, ஆகஸ்டு மாதத்துச் சதுப்புக் காய்ச்சல் அவளையும் பிடித்தது. சாகும் தறுவாயில் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலுக்கு நான் போயிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பனைத்தான் பார்த்தாள்.

“அம்மா பக்கத்துலதானே வெப்பீங்க?”

“ஆமாம்மா.”

“ஒட்டியா?”

“ஒட்டிதான்.”

அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு அன்றைக்கே அவன் பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. சொன்னபடியே செய்தோம். குழி வெட்டும்போது மண்வெட்டி துல்சியாவின் பக்கத்து மண்ணைத் தொட்டது. மந்திரங்களை நான்தான் சொன்னேன், தீர்த்தத்தை நான்தான் தெளித்தேன். என் குருத்துவத்தில் நான் முழு மனதோடு செய்த காரியம் அது என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த மாதம் பெரியவர் இறந்தார். அத்திப்பழத்தார் பட்டமேறினார். மூன்றாம் வாரம், பெரியவர் கையால் பட்டம் வாங்கிய குருக்கள் அனைவரையும் லாத்தரனுக்கு வரச் சொன்னார்கள். கூடத்தில் எங்களைக் கால்கடுக்க நிற்கவைத்துவிட்டுத் தலைமை எழுத்தர் தெயோதுலோ பேசினார். நல்ல மனிதர், மென்மையான குரல், நகங்கள் அவ்வளவு சுத்தம்.

“யாரும் பயப்பட வேண்டாம். உங்க பட்டத்த யாரும் பறிக்கல. திருத்தந்தை அவ்வளவு கடுமையானவர் இல்ல. பெரியவர் பாப்பரசரா இருந்ததே இல்லன்னு மட்டும்தான் தீர்ப்பாகியிருக்கு. அவர் இருந்ததே இல்லன்னா உங்களுக்கு யாரும் பட்டம் குடுத்ததே இல்ல. குடுக்காதத எப்படிப் பறிக்கிறது? ஆக, உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல.”

பின்வரிசையில் ஒரு வயதான குரு கை தூக்கினார். “ஐயா, இப்ப இருக்கிற திருத்தந்தைக்கு ஆயர் பட்டம் குடுத்ததும் அந்தப் பெரியவர்தானே?”

“அருமையான கேள்வி!” தெயோதுலோ முகம் மலர்ந்தது. “ஒரு ஊருக்கு ஆயரா இருக்கிறவர் இன்னொரு ஊருக்கு ஆயரா வரக் கூடாது. சட்டம். நம்ம திருத்தந்தை வேற ஊருக்கு ஆயரா இருந்தவரு. பாப்பரசர்ன்னா ரோமாபுரிக்கு ஆயர். அப்ப அவர் இங்க வந்தது தப்புதானே? ஆனா அந்த ஆயர் பட்டம் குடுத்தவரே இல்லன்னு ஆயிட்டதால, இவரு ஆயரா இருந்ததே இல்ல. அதனால பாப்பரசரா வந்தது சரி. பாத்தீங்களா, சட்டம் தன்னத்தானே எவ்வளவு அழகா சரி பண்ணிக்குது!”

அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

பிறகு ஆளுக்கொரு தோல் ஏடு கொடுத்தார்கள். குருவாக இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் என்னென்ன செய்தோம் என்று எழுத வேண்டும். ஞானஸ்நானம் மட்டும் யார் கொடுத்தாலும் செல்லுமாம், அதை விட்டுவிடலாம். திருமணம், அடக்கம் இவையெல்லாம் ஒன்று விடாமல் வேண்டும். விவரம் தெரிந்த குருக்கள் மூன்றோ நான்கோ எழுதிவிட்டு, மறதி அதிகமாகிவிட்டது என்று தலையைச் சொறிந்தார்கள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து நூற்றுப்பதினேழு எழுதினேன். உண்மையை எழுதினால் உண்மை நம்மைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்த வயது அது. நாற்பத்தொன்று.

தெயோதுலோ ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். “உர்சோ, நூத்திப்பதினேழு! கையெழுத்தும் முத்து முத்தா இருக்கு. உன்ன மாதிரி ஒருத்தன் குருவா இல்லாம போனது திருச்சபைக்குப் பெரிய இழப்பு.”

எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நூற்றுப்பதினேழாவது பெயர் ஜெம்மா.

எங்கள் பேட்டையில் முதலில் இதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். நான் செய்துவைத்த கல்யாணங்கள் எல்லாம் கல்யாணமே இல்லை என்று ஆனதும், ரொட்டிக்காரன் லாந்தோவின் மனைவி பெரேத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“ஏன் சாமி, ரெண்டு வருஷமா இந்த ஆளோட பாவத்துல வாழ்ந்திருக்கேனாமே?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

“அதுல ஒரு நாளாவது இனிச்சிருக்கக் கூடாதா?”

லாந்தோ தெருவெல்லாம் கேட்கச் சிரித்தான். நானும் சிரித்தேன். அடுத்த திங்கட்கிழமை கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு குழிவெட்டுகிறவர்களோடு தெயோதுலோ வந்து இறங்கியபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

போனிசோ காளவாயிலிருந்து ஓடி வந்தான். முகமெல்லாம் வெள்ளைப் பொடி.

“உன் மக செத்தது உண்மை,” என்றார் தெயோதுலோ. “அத நாங்க மறுக்கல. ஆனா அவ அடக்கம் ஆகல.”

“நான்தான் ஐயா மண்ணு போட்டேன்.”

“மண்ணு யாரு வேணாலும் போடலாம்ப்பா. அடக்கம் பண்ணது யாரு?”

“உர்சோ சாமி.”

“உர்சோன்னு ஒரு சாமி கிடையாது.”

போனிசோ திரும்பி என்னைப் பார்த்தான். “இதோ நிக்கிறாரே.”

“நிக்கிறது உர்சோ. சாமி இல்ல.”

போனிசோவுக்கு இது பிடிபடவில்லை. என் அங்கியையும் காலையும் பார்த்தான். ஏதோ ஒரு பாகம் காணாமல் போயிருக்கும் என்று தேடுகிறவனைப் போலப் பார்த்தான்.

“அடக்கமாகாத உடம்பு மந்திரிச்ச மண்ணுல இருக்கக் கூடாது,” என்றார் தெயோதுலோ. “கோவிச்சுக்காத. உன் மக நல்லதுக்குத்தான். உரிமையில்லாத எடத்துல படுத்திருக்கோமேன்னு அந்தப் புள்ளையோட ஆத்துமா கூசாதா?”

குழிவெட்டுகிறவர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். போனிசோ அவர்களைத் தொடவிடவில்லை. தானே இறங்கித் தோண்டினான், தானே தூக்கினான். பிள்ளை தூக்கத்திலிருந்து விழித்துவிடக் கூடாது என்று நடப்பார்களே, அப்படி நடந்தான். தோட்டத்துச் சுவருக்கு வெளியே ஆற்றில் மிதந்து வந்தவர்களையும் கூத்தாடிகளையும் பெயர் தெரியாத பரதேசிகளையும் புதைக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே வைத்தான். திரும்பி வரும்போது காலடியை எண்ணிக்கொண்டே துல்சியாவின் குழி வரைக்கும் வந்தான்.

“முப்பத்தொண்ணு,” என்றான் என்னிடம். “ஒட்டின்னு சொல்லியிருந்தேன் சாமி.”

“நான் சாமி இல்ல போனிசோ.”

“சரி சாமி.”

அந்தப் பெயரை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த ஒரு நினைப்போடுதான் அன்றிலிருந்து தூங்கி எழுகிறேன்.

வேறு குரு யாராவது அவளை மறுபடி அடக்கம் செய்யலாமே என்று போனிசோ லாத்தரனுக்குப் போனான். தாராளமாகச் செய்யலாம் என்றார்கள். என்ன, செல்லுபடியாகும் குருக்கள் நகரத்தில் குறைவாக இருந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று பேரை மறு அடக்கம் செய்தார்கள், ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஜெம்மாவின் வரிசை எண் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. களிமண் வில்லையில் எண்ணைப் பொறித்துக் கொடுத்தார்கள். போனிசோவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் நின்றான்.

“இப்ப எத்தனாவது ஐயா?”

“நூத்தித்தொண்ணூறு.”

“இன்னும் கொஞ்சம்தான்னு சொல்லுங்க.”

“இன்னும் கொஞ்சம்தான்,” என்பார் தெயோதுலோ. இரக்கமுள்ளவர் என்று முன்பே சொன்னேன்.

எண் அறுநூறைத் தாண்டியபோது அத்திப்பழத்தார் போய்ச் சேர்ந்தார். ஒரு கூடை அத்திப்பழம் சாப்பிட்டார் என்கிறார்கள். பழம் கொன்றதா, கூடையைக் கொண்டுவந்து கொடுத்தவர் கொன்றாரா என்று சந்தையில் இன்றும் வாதம் நடக்கிறது. அடுத்து வந்தவர் தள்ளாத கிழவர், கை நடுங்கும், நல்ல இதயம். அவர் முதல் நாளே பெரியவர் பாப்பரசர்தான் என்று அறிவித்தார். எல்லாப் பட்டங்களும் செல்லும். நான் காலையில் எழுந்தபோது குருவாக இருந்தேன்.

பெரேத்தா வாசலில் நின்று மாரில் அடித்துக்கொண்டாள். “மறுபடியும் கட்டிவெச்சுட்டாங்களே!”

போனிசோ மண்வெட்டியோடு ஓடி வந்தான். மூச்சிரைத்தது. “சாமி, இப்ப உள்ள கொண்டுவரலாமில்ல?”

அப்போதே அவளைக் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். ஒரு அரை மணி நேர வேலை. ஆனால் நான் சட்டத்துக்குப் பயந்தவன். “எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாம்,” என்றேன். இருவரும் லாத்தரனுக்கு நடந்தோம்.

தெயோதுலோ எங்களை அன்போடு உட்காரவைத்தார். “உள்ள கொண்டுவர்றதா? அவ உள்ளதானே இருக்கா?”

“இல்லீங்கய்யா. வெளிய இருக்கா,” என்றான் போனிசோ. “முப்பத்தோரு அடி.”

“வெளிய எடுக்கச் சொன்னது யாரு?”

“நீங்கதான் ஐயா.”

“யாரு உத்தரவுல?”

“அத்திப்பழத்...” போனிசோ நாக்கைக் கடித்துக்கொண்டான். “போன திருத்தந்தை.”

“அப்படி ஒரு திருத்தந்தை இருந்ததே இல்லப்பா. நேத்துதான் தீர்ப்பாச்சு. இல்லாதவரு உத்தரவு போட முடியுமா? உத்தரவு இல்லாம அந்த உடம்ப யாராவது தொட்டிருக்க முடியுமா? தொடலன்னா அவ எங்க இருக்கணும்? உள்ள.”

போனிசோ வெகுநேரம் யோசித்தான். “அப்ப நான் தெனமும் வெளிய யாரு பக்கத்துல ஐயா ஒக்காந்திருக்கேன்?”

“அது எனக்குத் தெரியாது. நீ எங்க வேணாலும் ஒக்காரலாம், தடையில்ல. ஆனா ஒண்ணு. ஏற்கெனவே அடக்கமான ஒருத்திய ரெண்டாந்தடவ அடக்கம் பண்றது மகா பாவம். அப்புறம் வரிசையும் கலைச்சாச்சு. அடக்கமாகாதவங்கன்னு இப்ப யாருமே இல்லையே! அந்த வில்லையக் கழட்டிக் குடுத்துடு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உர்சோ, நீ இப்ப குரு. உனக்குத் தெரியாததா?”

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று கேட்காதீர்கள். அந்த மாளிகையில் உட்கார்ந்தால் தலை தானாக ஆடுகிறது. போனிசோ கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்த்து வில்லையை மேசைமேல் வைத்தான்.

நல்ல இதயமுள்ள கிழவர் இருபதாம் நாள் இறந்தார்.

பாப்பரசர் கண்ணை மூடினால் மாளிகையைச் சூறையாடுவது எங்கள் ஊர் வழக்கம். பூசைக்குப் போவதைப் போலக் குடும்பத்தோடு போவோம். காவலர்களும் வேலையை முடித்துவிட்டு வந்து கலந்துகொள்வார்கள். லாந்தோ ஒரு பீப்பாய் திராட்சரசத்தை உருட்டிக்கொண்டு வந்தான். பெரேத்தா கட்டில் திரைகளை இழுத்துக்கொண்டு வந்தாள். கிழவரின் செருப்பில் ஒன்று ஒருவன் கையிலும் மற்றது இன்னொருவன் கையிலும் போய், இருவரும் ஆற்றுப்பாலத்தில் அடித்துக்கொண்டார்கள். ஒருபோதும் சூறையாடப் போகாத போனிசோ அன்றைக்குப் போனான். வரும்போது சட்டைக்குள் ஒரு ஏடு இருந்தது.

“சாமி, இது உங்க எழுத்துதானே?”

என் எழுத்துதான். அவனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கோயில் சுவரில் நான் எழுதிவைத்த திருநாள் பட்டியலைத் தினமும் பார்த்திருக்கிறான். அந்த வளைவுகளை வைத்தே கண்டுபிடித்திருக்கிறான்.

“படிங்க. என்ன போட்டிருக்கு? உள்ளயா, வெளியவா?”

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ஆட்டுத்தோல் ஏட்டில் எழுத்தை மாற்ற வேண்டுமென்றால் கத்தியால் சுரண்டிவிட்டு மேலே எழுதுவார்கள். நான் எழுதியதைச் சுரண்டி ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். அதைச் சுரண்டி வரிசை எண் எழுதியிருக்கிறார்கள். பிறகு அதையும் சுரண்டியிருக்கிறார்கள். மற்ற நூற்றுப்பதினாறு பெயர்களும் எப்படியோ பிழைத்திருந்தன. கடைசி வரி இருந்த இடம் தோலின் ஓரம், அங்கே மெல்லிசு. ஜெம்மா இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

அதை அவனிடம் காட்டினேன். போனிசோ ஏட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். ஓட்டை வழியே அந்தப் பக்கம் காளவாய்ப் புகை தெரிந்தது. அவன் சுண்டு விரலை அதில் நுழைத்துப் பார்த்தான். முதல் கணுவோடு நின்றுவிட்டது.

“ரொம்பச் சின்ன ஓட்டதான்,” என்றான். “அவளும் சின்னவதானே.”

மறுநாள் ஏட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவன்தான் பிடிவாதம் பிடித்தான். பேட்டைக்காரர்களின் கல்யாணமும் அடக்கமும் எல்லாம் அதில் இருக்கிறதாம். தன்னால் இன்னொரு வீட்டுப் பிள்ளை சுவருக்கு வெளியே போகக் கூடாதாம். திருடிய பொருளை லாத்தரனுக்குத் திருப்பிக் கொடுத்த ஒரே ரோமாபுரிக்காரன் அவன்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குள் குதிரைக்காரர் பட்டமேறியிருந்தார். இவர் ஈட்டிக்காரர்களோடு குதிரையில் வந்து, பீடத்துக்குப் பத்தடி முன்பு வரை இறங்காதவர். பெரியவர் பாப்பரசராக இருந்ததே இல்லை என்று மறுபடி தீர்ப்பானது. மாளிகையில் நாற்காலிகூட மிஞ்சவில்லை. தெயோதுலோ தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். போனிசோவைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாப்பா, வா. உனக்கு வாழ்த்துச் சொல்லணும். உன் மக வெளிய இருக்கணும்னு தீர்ப்பு. வெளியதான் இருக்கா. பதிவும் மண்ணும் ஒத்துப்போகுது. இந்த ரோமாபுரியிலேயே இவ்வளவு ஒழுங்கா இருக்கிற உடம்பு வேற கிடையாது.”

“வரிசையில போடுங்க ஐயா. ரெண்டாயிரமா இருந்தாலும் பரவால்ல.”

தெயோதுலோ ஏட்டைத் திறந்தார். ஓட்டையைப் பார்த்தார். வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார். “ஓட்டைக்கு எண் குடுக்க முடியாதேப்பா.”

“பேரச் சொல்றேன். ஜெம்மா. எழுதிக்குங்க.”

“எங்க எழுதுறது? அவ எடம் அதுதான். வேற எடத்துல எழுதினா அது வேற பொண்ணாயிடும்.”

போனிசோ அசையாமல் நின்றான். அவன் நின்ற விதம் தெயோதுலோவுக்கே ஏதோ செய்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இத பாரு. நான் நாலு பாப்பரசருக்கு வேலை பாத்துட்டேன். ஒருத்தரு இன்னொருத்தர இருந்ததே இல்லன்னாங்க. என்ன ஒருத்தர்கூட அப்படிச் சொல்லல. ஏன்? நான் எதையும் நம்பி எழுதுறதில்ல. சொன்னத எழுதுறேன். நீயும் அப்படி இருக்கப் பழகிக்க. மனசு லேசாயிடும்.”

 அதன் பிறகு ஒரு வாரம் காளவாய் எரியவில்லை. போனிசோ சுவருக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். கோடை மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நண்பகல் கோயிலுக்குள் வந்து, சொட்டச் சொட்ட நின்றுகொண்டு கேட்டான்.

“சாமி, துல்சியாவ அடக்கம் பண்ண சாமியாருக்கு யாரு பட்டம் குடுத்தாங்க?”

“அவரு ரொம்பப் பழைய ஆளு. பெரியவருக்கும் முன்ன இருந்தவரு குடுத்தது.”

“அது செல்லுமா?”

“செல்லும். அதப் பத்தி யாருக்கும் சண்டை இல்ல.”

“அப்ப அவ உள்ள இருக்குறத யாராலயும் மாத்த முடியாது?”

“முடியாது.”

“நாம எங்க வெச்சாலும்?”

அவன் என்ன கேட்கிறான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.  மண்வெட்டியை வாசலில் சாய்த்துவைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறான். கோயிலின் இன்னொரு மண்வெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை யாரையும் கேட்கப் போகவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாயில்காவலன் பயற்றுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான், போனிசோவைப் பார்த்தான், பிறகு முகத்தைக் கிண்ணத்துக்குள் புதைத்துக்கொண்டான். துல்சியாவில் மிச்சமிருந்ததை ஒரு புதுத் துணியில் சேர்த்தோம். அவள்மேல் ஒரு சின்னத் துணி முடிச்சும் இருந்தது, பிறக்காமல் போன பிள்ளை. முப்பத்தோரு அடி. அவன் எண்ணவில்லை, நான் எண்ணினேன். ஜெம்மாவின் இடப்பக்கம், இடையில் ஒரு விரல் மண்கூட இல்லாமல், ஒட்டி வைத்தான்.

“மந்திரம் சொல்லுங்க சாமி.”

“நான் சொன்னா செல்லாது போனிசோ. இப்ப நான் குரு இல்ல.”

“செல்லாம போகட்டும். உங்க குரல் அந்தப் புள்ளைக்குத் தெரியும்.”

சொன்னேன். அழுகையில் பாதி வார்த்தைகள் விழுங்கப்பட்டுவிட்டன. எப்படியும் செல்லாத மந்திரம், பாதியானால் என்ன? அவன் காளவாயிலிருந்து நல்ல வெள்ளைச் சுண்ணாம்பு கொண்டுவந்து சுவரின் வெளிப்பக்கத்தில், அவர்களுக்கு நேரே, ஒரு வீட்டுச் சுவரளவு பூசினான். வீடு என்றால் சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது துல்சியாவின் பழக்கமாம்.

நான்கு மாதத்தில் குதிரைக்காரரும் போனார். இப்போது இருப்பவர் வந்தார். பெரியவர் மறுபடி பாப்பரசரானார். நான் மூன்றாம் முறையாகக் குருவானேன். நடந்த குழப்பத்துக்கெல்லாம் பரிகாரமாக ஒரு ஆயர், மெழுகுவர்த்திகளோடும் பாடகர்களோடும் கல்லறைத் தோட்டம் முழுக்கத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். துல்சியாவின் வெறும் குழிமேட்டுக்கும் தெளித்தார். மூன்று முறை, மரியாதையோடு. சுவருக்கு வெளியே போனிசோ முழந்தாளிட்டிருந்தான், ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

தெயோதுலோ சுவருக்கு மேலே தலையை நீட்டினார். புது அங்கி போட்டிருந்தார்.

“ஏன்ப்பா வெளிய இருக்க? உள்ள வா. உன் பொண்டாட்டியும் மகளும் உள்ள ஒண்ணா இருக்காங்க. பதிவுல இப்ப எல்லாம் சரியாயிடுச்சு. பொறுமையா இருந்தா லாத்தரன் யாரையும் கைவிடாதுன்னு சொன்னேன்ல?”

“ஆமாங்கய்யா,” என்றான் போனிசோ. “ஒண்ணாதான் இருக்காங்க.”

அடுத்த வாரம் எனக்கு ஆள் வந்தது. ஓட்டை விழுந்த ஏட்டை வைத்துக்கொள்வது அலுவலகத்துக்கு அழகில்லை, புதிதாக ஒரு படி எழுதித் தர வேண்டும். இப்போது இருப்பவருக்கும் இருமல் ஆரம்பித்துவிட்டது என்று சந்தையில் பேச்சு. அடுத்தவர் வருவார். அவர் கையில் கொடுக்க ஒரு பட்டியல் தயாராக இருக்கும். இரண்டு நாள் உட்கார்ந்தேன். முத்து முத்தான கையெழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

தெயோதுலோ விரல் வைத்து எண்ணினார். நெற்றி சுருங்கியது. “நூத்திப்பதினேழுன்னு ஞாபகம்.”

“நூத்திப்பதினாறுதான் ஐயா.”

பழைய ஏட்டை எடுத்தார். அதையும் முதலிலிருந்து எண்ணினார். விரல் கடைசிப் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தது. ஓட்டையின் ஓரத்தில் ஒரு நொடி நின்றது. பிறகு தாண்டிப் போனது.

“ஆமா. நூத்திப்பதினாறு. சரியா இருக்கு.”

வாசல் படியில் போனிசோ காத்திருந்தான்.

“என்ன சாமி சொன்னாரு?”

“சரியா இருக்குன்னாரு.”